வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம்

பிரிண்டர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. பீரோவின் மேல், பழைய தலையணை உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் மை காய்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மகள் அண்ணாந்து பார்த்து, "உம்மா, இதைத் தூக்கிப் போடுங்களேன். காயலான் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்பாள். காயலான் கடைக்காரன் எடுக்காததையெல்லாம் தூக்கிப் போடுவதென்றால் முதலில் என்னைத்தான் போட வேண்டும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவேன். விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குப் பயம். அவளுடைய வாப்பாவின் சாவில் இந்தப் பெட்டிக்கும் எனக்கும் பங்கு உண்டு. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சபுராளி. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். திருவாரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது ஊர். சுற்றிலும் வயல்தான், ஆனால் எங்கள் தெருவில் அரிவாள் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவரும் கிடையாது. நடுவயது ஆம்பளை ஒருவரைப் பகலில் தெருவில் பார்த்தால், லீவில் வந்திருக்கிறார், இல்லையென்றால் வேலை போய் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இவர் வளைகுடாவில் ஒரு கிடங்கில் சரக்கு பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் முகத்தை நேரில் பார்த்த நாட்களைச் சேர்த்தால் ஒன்றரை வருஷம் தேறுமா என்பதே சந்தேகம். குரல் கிடைக்கும். முதலில் கேசட்டில் கிடைத்தது, பிறகு போனில் கிடைத்தது. முகம்தான் கிடைக்காது.

மகள் படிப்புக்கென்று செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். அவள் திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போய்விட, அது என் வசம் வந்தது. தட்டுத்தடுமாறி ஈமெயில் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் எதையாவது தாளில் எடுக்க வேண்டுமென்றால் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே என் புருஷனின் படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கி வரும்போது, காத்திருக்கும் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த முறை லீவில் வந்தவரிடம் வீட்டுக்கே ஒரு பிரிண்டர் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நகை கேட்டிருந்தால்கூட மனுஷர் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

தஞ்சாவூருக்கு ரயிலில் போனோம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வராத நேரம், வழி நெடுக வயல் வெடித்துக் கிடந்தது. கடை குளுகுளுவென்று இருந்தது. மச்சான், இவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், எந்தப் பொருளையும் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்க மாட்டார், கிடங்கில் வேலை பார்த்த பழக்கம். மேசையில் வரிசையாக இருந்த பிரிண்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். கடைக்காரர் பதறிப்போனார்.

"பாய், உள்ள மை இருக்கு. கவுக்காதீங்க."

"கவுத்தா ஒழுகும்னா நான் எதுக்குங்க வாங்கணும்?"

கடைக்காரர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "அதிகமா அடிக்க மாட்டீங்கன்னா லேசர் எடுத்துக்குங்க பாய். கருப்புதான் வரும். ஆனா ஆறு மாசம் தொடாம வச்சிருந்தாலும் போட்டதும் வேலை செய்யும். இது இங்க்ஜெட். கலர் வரும், போட்டோ வரும். சும்மா போட்டு வச்சா மட்டும் ஹெட்டுல மை காஞ்சி அடைச்சிக்கும். வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது அடிச்சிடணும்."

எனக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தோன்றியது. லேசரே போதும் என்றேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"என் மூஞ்சிய கருப்பு வெள்ளையில பாத்துக்கிட்டு இருக்கப் போறியா நீ?"

அவ்வளவுதான், இங்க்ஜெட் முடிவாகிவிட்டது. அன்றைக்கு நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் கருப்பு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருப்போம். கருப்பு வெள்ளையில் மஞ்சள் தெரியாதுதான். ஆனால் நான் அதில் கைவைக்கவும் வழி இருந்திருக்காது.

திரும்பி வரும்போது ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடியே இருந்தார். நீடாமங்கலம் தாண்டியதும் சொன்னார். "வெள்ளிக்கெழம எனக்கு லீவு. ஜும்ஆ முடிஞ்சி சாப்ட்டுட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுறேன். நீ அன்னிக்கே அடிச்சிடு. வாரம் தவறாது, மெஷினும் காயாது."

"மெஷினுக்காகத்தான் போட்டோவா?"

"ஆமா. பின்ன உனக்காகன்னு நெனச்சியா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

சொன்னது போலவே செய்தார். அறையில் கூட இருந்தவர் மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை, அவரிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கட்டிலுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் ஓரமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார். சாயங்காலம் எனக்கு வந்துவிடும். பிரிண்டரைப் போட்டதும் அது முதலில் கொஞ்சநேரம் முக்கி முனகும். பிறகு இடமும் வலமுமாக ஓடி அவருடைய முடியை அடிக்கும், நெற்றியை அடிக்கும், கண்ணை அடிக்கும். முழுசாக வெளியே வரும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். ஈரம் காய்ந்ததும் பின்பக்கம் பென்சிலால் தேதி போட்டு, மாமியாரிடம் காட்டிவிட்டு, பீரோவில் வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டும் வழக்கம் கிடையாது.

அந்த மெஷினோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. கரண்ட் போய்ப் போய் வரும் ஊர். ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும், கழுவக் கழுவ மை குறையும். அடைமழைக் காலத்தில் தாள் நமுத்துப்போய் உள்ளே மாட்டிக்கொள்ளும். தாளையெல்லாம் முறுக்கு டின்னில் போட்டு மூடிவைத்தேன். கம்பெனி மை கட்டுப்படியாகாது என்று திருவாரூரில் ஒரு கடையில் ஊசியால் மை ஏற்றித் தருவார்கள். அந்தக் கடைக்காரரின் பத்து விரலும் எந்நேரமும் நீலமும் சிவப்புமாக இருக்கும். அவர் ஏற்றிக் கொடுக்கும் மை ஒரு தரம்போல ஒரு தரம் இருக்காது. ஒரு வாரம் மச்சான் செவசெவ என்று வெயிலில் வெந்தவர்போல வருவார். ஒரு வாரம் பச்சையாக வருவார். ஒருமுறை ஊதாவாக வந்தார், அதைப் போனில் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அவரை எல்லா நிறத்திலும் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. என் புத்தி மழுங்கியது அங்கேதான்.

மாமி, அதாவது என் மாமியார், என்னோடுதான் இருந்தார். ஒரே மகன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுததும் என் அறை வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். கண் ஆபரேஷன் முடிந்து புதுக்கண்ணாடி போட்ட சமயம். படத்தைக் கையில் வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, "வாடிப்போயிட்டான்" என்பார். எந்த வாரம் கொடுத்தாலும் இதுதான். பிள்ளை கொழுகொழுவென்று நின்றாலும் வாடிப்போயிட்டான்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும். உங்கள் பிள்ளையை நான் ஒன்றும் பட்டினி போடவில்லை, அவர் சமைத்துச் சாப்பிடுவது அங்கே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவது வருஷம், சம்பா நடவு முடிந்திருந்த நேரம், படத்தில் மச்சான் லேசாக மஞ்சளடித்து வந்தார். ரோஸ் மை அடைத்துக்கொண்டது என்று நினைத்து இரண்டு தரம் ஹெட்டைக் கழுவவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் இன்னும் கூடுதலாக இருந்தது. கார்ட்ரிட்ஜைக் கழற்றிக்கொண்டு திருவாரூருக்குப் போய் மைக் கடைக்காரரிடம் சண்டை பிடித்தேன்.

"என்னங்க மை ஏத்துறீங்க? என் வீட்டுக்காரரு மஞ்சக் கிழங்கு மாதிரி வர்றாரு."

அவர் அதைத் தன் மெஷினில் மாட்டி ஒரு ரோஜாப்பூப் படத்தை அடித்துக் காட்டினார். ரோஜா ரோஜாவாகத்தான் இருந்தது. "மை நல்லாத்தானேக்கா இருக்கு? போட்டோ எடுத்த எடத்துல லைட்டு மஞ்சளா இருக்கும்" என்றார். நான் நம்பவில்லை. வீம்புக்குக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டி அடித்தேன். அதே மஞ்சள். கம்ப்யூட்டர் திரையிலும் அவர் மஞ்சளாகத்தான் இருந்தார். ஆனால் அது பழைய மானிட்டர், அது காட்டும் நிறத்தை நான் என்றைக்கு நம்பினேன்? சரி, லைட்டுதான் என்று முடிவு கட்டினேன்.

லைட்டு மஞ்சளாக இருந்தால் பின்னால் இருக்கும் சுவரும் மஞ்சளாகத்தானே இருக்க வேண்டும்? சுவர் வெள்ளையாகவே இருந்தது. புது மையிலும் வெள்ளை, பழைய மையிலும் வெள்ளை. அதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது பொய். பார்த்தேன், யோசிக்கவில்லை.

போனில் அவரும் துப்புக் கொடுத்தார். சாப்பாடே பிடிக்கவில்லை என்றார். உடம்பெல்லாம் அரிக்கிறது, இங்கே தண்ணீர் சரியில்லை என்றார். வேப்பிலை கிடைத்தால் போட்டுக் குளிங்க மச்சான் என்று நான் வைத்தியம் சொன்னேன். பாலைவனத்தில் வேப்பிலைக்கு எங்கே போவார் என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி படத்தை வாங்கிப் பார்த்தார். வாடிப்போயிட்டான் என்று சொல்லவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டி, கண்ணு மஞ்சளா இருக்கே இவனுக்கு."

"மை சரியில்ல மாமி."

"கண்ணுக்குள்ளயே மஞ்சளா இருக்குடி."

"மை சரியில்லன்னு சொல்றேன்ல? ஆபரேஷன் பண்ண கண்ண வச்சிக்கிட்டு எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதீங்க."

வயதானவரிடம் பேசக்கூடாத பேச்சு. அவர் படத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வாராவாரம் இந்தப் பாட்டைக் கேட்க வேண்டாம், படத்தையே சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் இது தப்பான காரியமே அல்ல. பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் ஸ்டுடியோக்காரர் கறுப்பைச் சிவப்பாக்கித் தருவார், வாங்கிக்கொண்டு நன்றி சொல்வோம். எனக்கே என் கல்யாணத்துக்கு அப்படி ஒரு போட்டோதான் போனது.

பிரிண்டரோடு வந்த சிடியில் நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருந்தது. மஞ்சளைக் குறைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மச்சானின் மாநிறம் திரும்பி வந்தது. ஆனால் சுவர் நீலமாகிவிட்டது. மஞ்சளைத் திரும்பக் கூட்டினேன், சுவர் வெள்ளையானது, முகம் கெட்டது. முகம் சரியாக இருந்தால் சுவர் சரியாக இல்லை, சுவர் சரியாக இருந்தால் முகம் சரியாக இல்லை. ரொம்பநேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில், சுவர் யாருக்கு வேண்டும் என்று முகத்தைச் சரிபண்ணி அடித்தேன். மாமியிடம் கொடுத்தேன். அவர் நன்றாக உற்றுப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் படத்தை அவருக்கே அனுப்பினேன். 'உங்க கேமராவைவிட என் கைவேலை எப்படி, பாருங்க' என்று எழுதினேன். அவர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார். மறுநாள் பதில் வந்தது. 'என் ரூம் சுவத்துக்கு எப்ப வந்து நீலம் அடிச்சிட்டுப் போன? ஆனா மூஞ்சி நல்லா இருக்கு புள்ள. கண்ணாடில பாத்தாதான் ஒரு மாதிரியா தெரியுது. இங்க கண்ணாடி சரியில்லபோல.'

அதைப் படித்து நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொரு வாரமும் கூடுதலாக மஞ்சளைக் குறைக்க வேண்டியிருந்தது, சுவரின் நீலமும் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை அந்த மன்னார்குடிப் பிள்ளை போன் செய்தார். அண்ணன் கிடங்கிலேயே மயங்கி விழுந்துவிட்டார், கம்பெனி ஊருக்கு அனுப்புகிறது, திருச்சிக்கு வந்துவிடுங்கள் என்றார்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மஞ்சளாக இருந்தார். அப்போதும் என் கண் மேலே போய் அங்கே எரிந்த விளக்கைத்தான் தேடியது. அவரை வெளியே கொண்டுவந்தார்கள். காலை வெயில் நன்றாக அடித்தது. வெயிலிலும் மஞ்சளாக இருந்தார். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். "என்ன புள்ள அப்புடிப் பாக்குற?" என்று கேட்டார். நான் அவர் பையை வாங்கிக்கொண்டேன்.

தஞ்சாவூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். பித்தக் குழாயில் கட்டி, ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். "மஞ்ச தெரிய ஆரம்பிச்சி எத்தனை நாளாச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு பதினஞ்சு இருபது நாள் இருக்கும் சார்" என்றார் மச்சான். அவர் பொய் சொல்லவில்லை, அவர் அவ்வளவுதான் நம்பினார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை என்று தெரியும். தேதி போட்டு என் பீரோவில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். எல்லா டாக்டரும் எல்லாரிடமும் சொல்வதுதான் என்று உறவுக்காரர்கள் என்னைத் தேற்றினார்கள்.

முப்பத்தெட்டு நாள் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு லீவு முடியும் தேதி இல்லாமல் அவர் வீட்டில் இருந்தது அந்த முப்பத்தெட்டு நாள்தான். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்த சத்தத்தை உள்ளறையில் இருந்து கேட்டேன்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா. புருஷனை இழந்தவள் வெளியே போகக் கூடாது, பிற ஆண்கள் கண்ணில் படக் கூடாது. கம்ப்யூட்டர் இருந்த அறையில்தான் என்னை உட்கார வைத்தார்கள். எதிரிலேயே பிரிண்டர். வெள்ளிக்கிழமை வரும், போகும். அதைப் போட வேண்டும் என்று கை பழக்கத்தில் எழும், உட்காரும். படம் அனுப்ப ஆளில்லை. மை காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் அந்த மன்னார்குடிப் பிள்ளை லீவில் வந்தவர், மச்சானின் மிச்சச் சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் மாமி உட்கார்ந்து பேசினார். நடுவில் திரை. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர் அழுதுகொண்டே சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

"ஒரு மாசத்துக்கு மேல கெஞ்சினேன்மா. கண்ணு மஞ்சளா இருக்குண்ணே, டாக்டர்ட்ட போவோம்ணேன்னு. அண்ணன் கேக்கவே இல்ல. ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு ஒரு படத்த அடிச்சி, பிளாஸ்டிக் போட்டு பர்சுல வச்சிருந்தாரு. எப்ப சொன்னாலும் அத எடுத்துக் காட்டுவாரு. 'எம் பொண்டாட்டி கண்ணுக்கு நான் நல்லாத்தாண்டா இருக்கேன், உனக்கென்னடா வந்துச்சு'ம்பாரு."

மாமி அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போடச் சொன்னார், வாசல் வரை போய் அனுப்பிவைத்தார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கையில், அந்தப் பிள்ளை கொண்டுவந்த பர்சிலிருந்து எடுத்த படம் இருந்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, பர்சின் மடிப்பு குறுக்கே விழுந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்பநேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன் ரூம்பு சுவரு வெள்ளையாத்தானேம்மா இருக்கும்? இதுல ஏன் நீலமா இருக்கு?"

அதட்டிக் கேட்கவில்லை. அவர் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதே கிடையாது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"மை சரியில்ல மாமி" என்றேன்.